தினம் ஒரு பக்கம்: ஸ்கெட்ச் நோட்டுப் பழக்கம் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு நோட்டு வாங்கி, நாலு பக்கம் வரைந்து, அப்படியே அலமாரியில் போட்டுவிட்டவர்களுக்காக இது. ஓவியப் பள்ளியோ ஆசிரியரோ பக்கத்தில் இல்லாதவர்களும் தாமாகவே செய்யக்கூடிய முறைகளைத்தான் சொல்லியிருக்கிறோம்.

தினமும் வரைந்தே ஆகணுமா? ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரம் உட்கார்ந்தால் போதாதா?

போதாது. ஆறு நாள் இடைவெளி விட்டால் முதல் அரைமணி நேரம் கை பழைய நிலைக்கு வருவதிலேயே போய்விடும். அதற்குப் பிறகு வரைவதும் "இன்னைக்காவது நல்லா வரணும்" என்கிற பதற்றத்தில் இறுகிப்போகும். தினம் 15 நிமிடம் போதும். முதல் 3 நிமிடம் கோடு, வட்டம், நீள்வட்டம் என்று கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். விரலால் அல்ல, தோளிலிருந்து கை அசைய வேண்டும். அடுத்த 10 நிமிடம் ஒரே ஒரு பொருள். கடைசி 2 நிமிடத்தில் பக்கத்தின் ஓரத்தில் தேதி, இடம், நேரம், எங்கே தப்பியது என்று ஒரு வரி எழுதுங்கள். "குடத்தின் கழுத்து நீளமாகிவிட்டது" என்ற அளவு போதும். இந்த ஒரு வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் எதைப் பார்த்து வரைய வேண்டும் என்று சொல்வதே அதுதான்.

தினம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்க வேண்டாம். கல்யாணம், கரண்ட் கட், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் முதலில் விழுவது ஒரு மணி நேரக் கணக்குதான்.

எந்த நோட்டு வாங்குவது?

ஏ5 அளவு, அதாவது 148 × 210 மி.மீ. பையில் நுழையும், பஸ்ஸில் மடியில் வைத்து வரையலாம், ஒரு பக்கத்தை 10 நிமிடத்தில் நிரப்பவும் முடியும். தாள் 100 முதல் 120 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு) இருக்கட்டும். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். பென்சிலுக்கு அது தாங்கும், ஆனால் மைப் பேனா பின்பக்கம் தெரியும். நீர்வண்ணம் பட்டால் சுருளும். நீர்வண்ணமே முக்கியம் என்றால் 200-க்கு மேல் போக வேண்டும். தினப் பழக்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

விலை உயர்ந்த தோல் அட்டை நோட்டு வேண்டவே வேண்டாம். அதன் முதல் பக்கத்தில் கை நடுங்கும். அரைகுறைக் கோடு போட மனசு வராது, அரைகுறைக் கோடுதான் தினமும் வேண்டியது.

நாமே நோட்டு தைக்க முடியுமா?

முடியும். 100 ஜி.எஸ்.எம். ஏ4 பாண்ட் தாள் 15 வாங்குங்கள். ஐந்தைந்தாக ஒன்றுக்குள் ஒன்று வைத்து நடுவில் மடித்து, மடிப்பை ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். மூன்று கட்டு கிடைக்கும், மொத்தம் 60 பக்கம். அதாவது இரண்டு மாதத்துக்கான நோட்டு. எட்டுப் பத்துத் தாளை ஒரே கட்டில் திணித்தால் உள்தாள்கள் ஓரத்தில் பிதுங்கி நிற்கும்.

மடிப்பின் நீளம் 210 மி.மீ. இரண்டு முனையிலிருந்தும் 35 மி.மீ. தள்ளி ஒவ்வொரு ஓட்டை, நடுவில் 105-ல் ஒன்று. முதலில் வெறும் ஊசியால் குத்திக்கொள்ளுங்கள். குத்தாமல் நேரே தைத்தால் தாள் கிழியும். கெட்டி நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, உள்பக்கமிருந்து நடு ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மேல் ஓட்டையில் உள்ளே நுழைத்து, உள்ளேயே நீளமாக இறக்கிக் கீழ் ஓட்டையில் வெளியே விட்டு, மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே வாருங்கள். நீளத் தையலுக்கு ஒரு பக்கம் ஒரு நுனி, மறுபக்கம் இன்னொரு நுனி இருக்கும்படி முடிச்சுப் போட வேண்டும். மூன்று கட்டையும் இப்படித் தனித்தனியாகத் தைத்து அடுக்கி, முதுகில் ஃபெவிகால் தடவி, பழைய வேட்டித் துணியில் ஒரு பட்டை ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். அட்டைக்குக் காலண்டர் அட்டையே போதும்.

நோட்டு கொஞ்சம் விறைப்பாகத் திறக்கும். ஏ4 பாண்ட் தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும், நாம் குறுக்கே மடிக்கிறோம். தையலில் குறை என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

பென்சிலா, பேனாவா?

எச்பி, 2பி, 6பி மூன்றே பென்சில். பி-க்கு முன்னால் எண் கூடக் கூட முனை மென்மையாகி, கோடு கருப்பாகும். அப்சரா, காம்லின், டாம்ஸ் எதுவானாலும் சரி. பன்னிரண்டு பென்சில் கொண்ட டப்பாவில் பாதி தொடப்படாமலே கிடக்கும். கத்தியால் சீவி, கரி முனை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி வைத்தால் முனையால் கோடும் பக்கவாட்டில் நிழலும் போடலாம். ஷார்ப்னரில் சீவினால் இந்த நீளம் வராது.

ரப்பர் தொடர்ந்து கையில் இருந்தால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் அழிப்பதிலேயே போகும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது நேராகப் பால்பாயிண்ட் பேனாவில் வரையுங்கள். லேசாக அழுத்தினால் வெளிர் கோடு, அழுத்தினால் கருப்பு. தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். பால்பாயிண்ட் மை எண்ணெய் சார்ந்தது, மேலே தண்ணீர் பட்டாலும் பெரிதாகக் கலையாது. ஆனால் வெயிலில் மாட்டி வைத்தால் வெளுக்கும். சாதாரண ஊற்றுப் பேனா மை தண்ணீரில் கரைந்து ஓடும். நாள்பட நிற்க வேண்டிய படத்துக்கு யூனி பின், மைக்ரான் மாதிரி நிறமி மைப் பேனா வாங்குங்கள்.

தினமும் என்னதான் வரைவது? மூணாவது நாளே யோசனை தீர்ந்துவிடுகிறது.

தினம் ஒரு புதுப் பொருள் தேடினால் அப்படித்தான் தீரும். ஒரு வாரத்துக்கு ஒரே பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். எங்களைக் கேட்டால் இங்கே சொல்லியிருப்பவற்றில் எல்லாம் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம்.

வீட்டிலிருக்கும் பித்தளைக் குடத்தையே எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை தாளைப் பார்க்காமல் குடத்தின் விளிம்பை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து, கண் போகும் வேகத்திலேயே கையும் போக ஒரே கோட்டில் வரையுங்கள். படம் கோணலாகத்தான் வரும், வரட்டும். செவ்வாய்க்கிழமை குடத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் வளைந்த இடம்தான் அன்றைய படம். புதன் அன்று வாய், கழுத்து, வயிறு, அடி ஆகிய நீள்வட்டங்கள் மட்டும். வியாழன் மூன்றே நிறம்: தாளின் வெள்ளை, நடுத்தரச் சாம்பல், அடர் கருப்பு. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் பித்தளையின் மினுமினுப்பு மறைந்து இந்த மூன்றும் தெளிவாகப் பிரியும். வெள்ளி அன்று பென்சில் இல்லாமல் பேனா. சனிக்கிழமை குடத்தை அடுத்த அறையில் வைத்துவிட்டு நினைவிலிருந்து. ஞாயிறு மறுபடி பார்த்து ஒரு படம். சனி, ஞாயிறு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் மனம் எதையெல்லாம் பார்க்காமலே நிரப்பிக்கொள்கிறது என்று தெரிந்துவிடும்.

இதில் புதன்கிழமைதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். குடம் தரையில் இருக்கிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம். கண் மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க வட்டம் இன்னும் அகலமாகத் திறந்து தெரியும். அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாக இருக்க வேண்டும். தரை தட்டை என்று மனதுக்குத் தெரிந்திருப்பதால், கை அடியை நேர்கோடாகப் போட்டுவிடும். வாய் விரிந்து, அடி தட்டையாகி, குடம் நடுவில் வெட்டப்பட்டதுபோல் நிற்கும். இன்னொரு தப்பு, நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களும் மாவிலை நுனிபோல் கூர்மையாவது. ஓரத்திலும் வளைவு இருக்கிறது, அங்கே கோடு சின்னதாகத் திரும்புகிறது. முதலில் குடத்தின் நடுவே செங்குத்தாக ஒரு லேசான கோடு இழுத்து, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துக்கொண்டு போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஜூன், ஜூலை வந்தால் குடத்தை வைத்துவிட்டு மாம்பழத்துக்கு மாறுங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வடிவப் பயிற்சி கிடையாது. பெங்களூரா நீண்டு நுனி மூக்குபோல் வளையும், செந்தூராவின் தோள்பட்டை சிவந்து உருண்டிருக்கும், நீலம் சின்னதாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூன்றையும் நிறமில்லாமல், வெறும் வெளிக்கோட்டிலேயே இன்ன ரகம் என்று சொல்லும்படி வரைய முடிகிறதா பாருங்கள்.

அளவு எப்போதும் தப்புகிறது. எப்படிச் சரிசெய்வது?

கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியைப் பொருளின் ஒரு ஓரத்திலும் கட்டைவிரலை மறு ஓரத்திலும் வைத்து அகலத்தையும், அதேபோல் உயரத்தையும் அளக்கும் பழைய முறைதான். குடத்தின் அகலம் உயரத்தில் எத்தனை மடங்கு என்பது மட்டும்தான் நமக்கு வேண்டும், சென்டிமீட்டர் அல்ல. முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் ஒவ்வொரு அளவும் வேறுவேறாக வரும். பெரும்பாலோருக்குத் தப்புவது இங்கேதான்.

முகத்தில் கண்கள் தலையின் உச்சிக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். தொடங்குபவர்கள் நெற்றியை மறந்து மேலே ஏற்றிவிடுவார்கள். நின்றிருக்கும் பெரியவரின் உயரம் சுமார் ஏழரைத் தலை. குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, தலை பெரியது.

தெரு வரையும்போது கண் மட்டம் எங்கே என்று குழப்பமாக இருந்தால் நோட்டை மூடி, கண் முன்னால் படுக்கையாகப் பிடியுங்கள். மேல் அட்டையும் தெரியாமல் கீழ் அட்டையும் தெரியாமல் வெறும் விளிம்பு மட்டும் தெரியும் உயரம்தான் கண் மட்டம். அதற்கு மேலிருக்கும் ஓட்டு விளிம்புகள் தூரம் போகப் போக இறங்கும், கீழிருக்கும் திண்ணை விளிம்புகள் ஏறும்.

மனிதர்களை வரைய ஆசை. ஆனால் யாரும் அசையாமல் இருப்பதில்லையே?

அசைவதை வரையத்தான் வேகப் பயிற்சி. 30 விநாடியில் ஒரு உருவம்: முதலில் தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரு வளைகோடு, பிறகு தோளின் சாய்வு, இடுப்பின் சாய்வு, கைகால். கண், மூக்கு எதுவும் வேண்டாம். ஒரே பக்கத்தில் பத்து உருவம் வரட்டும்.

பழக நல்ல இடம் பஸ் ஸ்டாண்டு. காத்திருப்பவர்கள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவார்கள், ஆனால் சில நிமிடத்தில் பழைய நிலைக்கே திரும்புவார்கள். அதனால் ஒரு பக்கத்தில் நாலு படத்தைத் தொடங்கிவிட்டு, யார் பழைய நிலைக்கு வருகிறாரோ அவர் படத்துக்குத் திரும்புங்கள். ஓடும் டவுன் பஸ்ஸில் வரைவது எழுத்துகூட நிற்காத வேலை. வண்டி நிற்கும்போது மட்டும் வரையுங்கள்.

அதற்கு அடுத்த படி வாரச் சந்தை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் ஆட்டுக்கயிற்றை இழுப்பவர், மூட்டை தூக்குபவர், குந்தி உட்கார்ந்து காய் பொறுக்குபவர் என்று ஒரு மணி நேரத்தில் நோட்டு நிறையும். வெயில் ஏறும் முன்பே போங்கள். நடுவழியில் நிற்காமல் சுவரையோ கடைத் தூணையோ முதுகுக்கு வைத்து உட்காருங்கள், பின்னால் கூட்டம் சேராது.

சுத்தி நின்னு பார்ப்பாங்களே?

பார்ப்பார்கள். "என்னண்ணா எழுதற?" என்று ஒருவர் கேட்டால் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள், அத்தோடு ஆர்வம் தீர்ந்துவிடும். மறைத்தால்தான் சந்தேகம். ஒருவரின் முகம் அடையாளம் தெரியும்படி வருகிறது என்றால் கேட்டுவிட்டு வரையுங்கள், வேண்டாம் என்றால் முதுகுப்பக்கம் போதும். பெண்கள் தனியாகப் போகத் தயங்கினால் தோழியையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போவது, டீக்கடை பெஞ்சைவிடக் கோயில் மண்டபத்தைத் தேர்ந்தெடுப்பது என்று தொடங்கலாம். அணையின் மதகு இயக்கும் பகுதி, போலீஸ் சோதனைச் சாவடி பக்கம் உட்கார்ந்து வரைய வேண்டாம். வீண் விசாரணை.

மலையும் பாறையும் சுற்றிலும் இருக்கு. வரைந்தால் குவிச்சு வச்ச உருளைக்கிழங்கு மாதிரி வருதே?

எல்லாப் பாறைக்கும் ஒரே மாதிரி வளைந்த வெளிக்கோடு போடுவதால் வருவது அது. நம் பக்கத்துக் கருங்கல் பாறையில் மூன்று முகங்களைத் தேடுங்கள்: வானத்தைப் பார்க்கும் மேல்முகம், வெயில் படும் பக்கம், நிழல் பக்கம். மேல்முகத்தைத் தாளின் வெள்ளையாகவே விடுங்கள், நிழல் பக்கம் முழுவதையும் ஒரே அடர்த்தியில் நிரப்புங்கள். வெடிப்புகளைக் கடைசியில், நாலைந்து மட்டும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைக் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்துக்கும் வரைந்தால் இந்த முகங்கள் பளிச்சென்று பிரியும். நண்பகலில் எல்லாம் சப்பையாகிவிடும். தூரத்து மலைக்கு எச்பி, கிட்டத்துப் பாறைக்கு 6பி.

1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், அன்று பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்து மலைக்கோட்டைகளை நேரில் பார்த்து வரைந்தார்கள். இராயக்கோட்டை, ஜெகதேவி மலைகள் எல்லாம் அவர்கள் படங்களில் இருக்கின்றன. இடத்தில் பென்சிலும் மெல்லிய வண்ணப் பூச்சும்தான், முழுப் படங்கள் பிறகு லண்டனில் அச்சுக்காகச் செய்தவை. அந்த அச்சுப் படங்களை இணையத்தில் பார்க்கலாம். பார்த்துவிட்டு இராயக்கோட்டைக்குப் போய் அதே மலையை நீங்கள் வரைந்தால், எதை அவர்கள் உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள் என்று பிடிபடும்.

ஒகேனக்கல் அருவியை எப்படி வரைவது?

தண்ணீரை வரையாதீர்கள், பாறையை வரையுங்கள். அருவி இருக்கும் இடம் வெறும் தாள், அதைச் சுற்றியுள்ள ஈரப்பாறையைக் கருப்பாக்கினால் வெள்ளை தானாகக் கீழே விழும். அருவிக்குள் மேலிருந்து கீழாக நிறையக் கோடு போட்டால் தலைமுடி மாதிரி ஆகிவிடும். பரிசல் வரைவதும் குடத்தின் வாய்க் கணக்குதான், தண்ணீர் மட்டத்தில் ஒரு நீள்வட்டம். ஆட்கள் ஏறிய பக்கம் சாய்ந்தால் நீள்வட்டமும் சாயும். சாரல் தெறிக்கும், நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பேனாவோடு அல்ல, பென்சிலோடு போங்கள்.

ராத்திரி தெருக்கூத்து பார்க்கும்போது வரையலாமா?

தாராளமாக. இருட்டில் தாளே சரியாகத் தெரியாது, அதுதான் லாபம்: நுணுக்கத்துக்குப் போக முடியாது. 6பி பென்சிலைப் படுக்க வைத்து கிரீடம், புஜக்கட்டை, விரிந்த பாவாடை என்று மூன்று பெரிய வடிவங்களைப் பிடியுங்கள். அடவு திரும்பத் திரும்ப வரும், ஒருமுறை தவறினால் அடுத்த சுற்றில் பிடிக்கலாம். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு வரையாதீர்கள், பின்னால் இருப்பவர்கள் திட்டுவது நியாயம்தான்.

நடுகற்களை வரையலாமா?

இரண்டு மாவட்டத்திலும் நடுகற்கள் நிறைய. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகங்களிலும் வைத்திருக்கிறார்கள். மேலோட்டமான புடைப்புச் சிற்பம் என்பதால் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். நேர் வெளிச்சத்தில் வில்லும் தெரியாது, வாளும் தெரியாது. உருவத்தின் வெளிக்கோட்டைப் போடுவதற்குப் பதில் நிழல் விழும் பக்கத்தில் மட்டும் கோடு போட்டால் புடைப்பு வந்துவிடும். தெளிவாகத் தெரியட்டும் என்று வயல்வெளி நடுகல்லில் சாக்பீஸோ மாவோ தடவாதீர்கள், கல்லுக்குக் கெடுதல். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் உண்டு. அண்ணாந்து பார்த்து நோட்டில் எடுக்க ஒரு முழுக் காலைப்பொழுது ஆகும்.

போனில் போட்டோ எடுத்து வந்து பார்த்து வரைந்தால்?

வாரத்தில் ஒரு நாள் சரி. தினமும் அப்படியே என்றால் வேண்டாம். மூன்று பரிமாணத்தை இரண்டாக மாற்றும் வேலையை கேமரா ஏற்கெனவே செய்துவிட்டது, நீங்கள் பழக வேண்டியதே அதுதான். போனின் அகலக் கோண லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கி ஓரங்களை இழுத்தும் காட்டும். டேப்லெட்டில் வரைபவர்களுக்கும் ஒரு வார்த்தை: "அன்டூ" பொத்தானைத் தொடாமல் வரைய முடிந்தால் அதுவும் நோட்டுதான்.

நாலு நாள் விட்டுப்போச்சு. ஈடுகட்டணுமா?

வேண்டாம். விட்ட நாலு பக்கத்தையும் ஒரே நாளில் நிரப்பினால் ஐந்தாம் நாள் மறுபடி விட்டுப்போகும். இன்றைய தேதி போட்டு இன்றைய பக்கத்தை வரையுங்கள்.

முன்னேற்றம் இருக்குதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நேற்றோடு இன்றை ஒப்பிட்டால் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே குடத்தை, அதே இடத்தில், அதே 10 நிமிடத்தில் வரைந்து முதல் வாரப் பக்கத்தோடு வையுங்கள். ஓரத்தில் எழுதிய ஒரு வரிக் குறிப்புகளையும் வரிசையாகப் படியுங்கள். ஒரே குறை இருபது தடவை வந்திருந்தால் அடுத்த இரண்டு வாரம் அதற்கு மட்டும். நடுவில் ஒரு கட்டத்தில் எல்லாப் படமும் முன்பைவிட மோசமாகத் தோன்றும். கண் கையைவிடச் சீக்கிரம் தேறுவதால் வருவது அது, அந்த வாரங்களில் பொருளைச் சுலபமாக்குங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் போடுவதைப் பற்றி: போடலாம், ஆனால் மாதக் கடைசியில் மொத்தமாக. அன்றன்று போட்டால் லைக் வாங்கும் படத்தையே கை திரும்பத் திரும்ப வரையும்.

ஓவியக் கல்லூரியில் சேர இந்த நோட்டு உதவுமா?

உதவும். 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் பிளஸ் டூவுக்குப் பிறகு நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. (இளங்கலை கவின்கலைப் பட்டம்) படிக்கலாம். சேர்க்கையில் நேரில் வரையச் சொல்லிப் பார்ப்பார்கள். பார்த்து வேகமாக வரைந்து பழகிய கைக்கு அங்கே பதற்றம் குறைவு.

முடிந்த நோட்டுகளை எப்படி வைப்பது?

முதுகில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் எழுதுங்கள். 6பி பக்கங்கள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக் கருக்கும், நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஹேர் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நாளில் மஞ்சளாகும், ஓவியக் கடையில் கிடைக்கும் ஃபிக்சேடிவ் (பென்சில் கரி கலையாமல் பிடித்து வைக்கும் ஸ்பிரே) வாங்கி மொட்டை மாடியில் அடியுங்கள். போட்டோ எடுக்க ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னலோரம், நோட்டுக்கு நேர் மேலிருந்து. அடுக்கி வைக்கத் தகரப் பெட்டி நல்லது. சுவரை ஒட்டி, தரையில் வைத்தால் கரையான் வரும். நாலு செங்கல்லின் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.